24 ஃப்ரேமுக்கு அவசரம் ஆகாது

புதிதாகக் கேமரா வாங்கும் இளைஞர்கள் முதல் வேலையாகக் கைவைக்கும் இடங்களில் ஒன்று ஃப்ரேம் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்ற எண்ணிக்கை. மெனுவில் 24, 25, 30, 50, 60, 120 என்று வரிசையாக எண்கள் இருக்கும். விரல் நேராக 24இல் போய் நிற்கும். சினிமாவை 24இல்தான் எடுக்கிறார்கள், நாமும் அப்படி எடுத்தால் சினிமா மாதிரி இருக்கும் என்பது கணக்கு. கணக்கில் தப்பில்லை. ஒருவர் பேசுவதையோ, மாடிப்படியில் இறங்கி வருவதையோ 24இல் எடுத்துப் பார்த்தால் அந்த மென்மை உண்மையிலேயே கிடைக்கும்.

அதே கேமராவை ஸ்டாண்டில் மாட்டி, ஒரு தூண் வரிசையை இடமிருந்து வலமாகத் திருப்பி எடுத்ததும் சிக்கல் தொடங்குகிறது. மதுரை திருமலை நாயக்கர் மகாலை எடுத்துக்கொள்ளலாம். வெயில் விழும் முற்றம், வெளிறிய பெருந்தூண்கள், அவற்றுக்குப் பின்னால் இருண்ட நிழல். வெளிச்சமும் இருட்டும் மாறி மாறிச் செங்குத்தாக நிற்கும் இடம். நான்கு நொடியில் கேமராவை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குத் திருப்பி, வீட்டு டிவியில் போட்டுப் பார்த்தால் தூண்கள் வழுக்கிக்கொண்டு நகராது. விட்டு விட்டுத் தாவும். விளிம்புகள் இரண்டிரண்டாகத் தெரியும். கல்யாண மண்டபத்தின் தூண்களும், ஜன்னல் கம்பிகளும், மேடையின் சீரியல் பல்பு வரிசையும் இதே பாடுதான் படும். ஆல்பத்தோடு பென்டிரைவை வாங்கிப்போன கல்யாண வீட்டிலிருந்து இரண்டு நாளில் போன் வரும்: "என்னண்ணே, வீடியோ நடுநடுவுல ஜெர்க் அடிக்குதே?"

பழி முதலில் மெமரி கார்டின் மேல் விழும். அப்புறம் எடிட்டிங் கம்ப்யூட்டரின் மேல். அப்புறம் கடன் வாங்கியாவது கைநடுக்கத்தைச் சமன்செய்யும் ஒரு கிம்பல், இன்னும் விலை கூடிய ஒரு கேமரா. அவற்றில் எடுத்தாலும் தூண்கள் தாவிக்கொண்டேதான் இருக்கும். கருவி எதுவும் பழுதாகவில்லை என்பதால் கருவியை மாற்றிப் பயனில்லை. 24 ஃப்ரேம் என்பது ஒரு வேகக் கட்டுப்பாட்டோடு வருகிற முறை. அதன் தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கட்டுப்பாட்டை விட்டுவிட முடியாது. குறும்படம், கல்யாண வீடியோ, யூடியூப் என்று தினமும் இந்தத் தொழிலில் இறங்கும் பிள்ளைகளுக்கு எந்தக் கேமரா வாங்குவது என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எந்த வேகத்தில் திருப்புவது என்று சொல்லிக்கொடுக்க ஆள் குறைவு. இந்தக் குறையைத்தான் முதலில் தீர்க்க வேண்டும்.

24 என்ற எண் கண்ணின் வசதிக்காக வந்ததல்ல, காதுக்காக வந்தது. மௌனப் படக் காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள். நொடிக்கு 16 ஃப்ரேம், 18, 20 என்று ஆளுக்கு ஆள், காட்சிக்குக் காட்சி வேகம் மாறும். தியேட்டரில் ஓட்டும் வேகமும் ஒரே சீராக இருந்ததில்லை. படத்தோடு ஒலியைச் சேர்த்தபோது அந்தச் சுதந்திரம் போயிற்று. வேகம் கொஞ்சம் பிசகினால் கண் பொறுத்துக்கொள்ளும். பாட்டின் சுருதி இறங்கினால் காது பொறுக்காது. வார்னர் பிரதர்ஸின் வைட்டாஃபோன் முறையில் 1926இல் 'டான் யுவான்', 1927இல் 'தி ஜாஸ் சிங்கர்' வந்த காலம் அது. அந்த முறையில் வேலை செய்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் பொறியாளர் ஸ்டான்லி வாட்கின்ஸ், பெரிய தியேட்டர்களில் அப்போது பிலிம் என்ன வேகத்தில் ஓடுகிறது என்று விசாரித்து, அதை ஒட்டியே நிமிடத்துக்கு 90 அடி என்று முடிவானதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 35 மில்லிமீட்டர் பிலிமில் ஓர் அடிக்கு 16 ஃப்ரேம். 90 அடி என்றால் நொடிக்கு 24. தமிழின் முதல் பேசும்படம் 'காளிதாஸ்' 1931இல் வருவதற்குள் இந்த எண் உலகமெங்கும் வேரூன்றிவிட்டது.

ஆக, ஒலிக்குப் போதுமான, பிலிம் செலவு கட்டுப்படியாகிற வேகம் அது. கேமராவைத் திருப்பும்போது கண்ணுக்கு அது போதுமா என்பது வேறு கேள்வி. போதாது என்பதுதான் பதில். நூறாண்டுகளாக ஒளிப்பதிவாளர்கள் அந்தப் போதாமையைக் கையாளக் கற்றுக்கொண்டு படம் எடுத்துவந்திருக்கிறார்கள்.

கொஞ்சம் கணக்குப் போட்டால் விஷயம் விளங்கும். 4கே படத்தின் அகலம் 3840 பிக்சல். ஒரு தூண் திரையின் ஒரு ஓரத்தில் நுழைந்து மறு ஓரத்தில் வெளியேற 2 நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 2 நொடியில் 48 ஃப்ரேம். ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததற்கும் இடையில் தூண் 80 பிக்சல் நகர்ந்திருக்கும். வழக்கப்படி ஷட்டரை 1/48 நொடிக்கு, அதாவது ஒரு ஃப்ரேமின் பாதி நேரத்துக்குத் திறந்து வைத்தால், அந்த 80இல் 40 பிக்சல் தூரம் இழுவலாகப் பதியும். மீதி 40 பிக்சலில் நடந்தது எதுவும் படத்தில் இல்லை. அந்த வெற்றிடத்தைத்தான் கண் தாவலாக உணர்கிறது. அதே தூண் திரையைக் கடக்க 7 நொடி எடுத்தால் 168 ஃப்ரேம். ஃப்ரேமுக்கு 23 பிக்சல் நகர்வு. அதில் பாதி இழுவலிலேயே போய்விடும். மிஞ்சும் இடைவெளி சிறியது. கண் அதைப் பொருட்படுத்தாமல் கடந்துவிடும்.

இழுவல் என்பதை இங்கே குறையாக நினைக்கக் கூடாது. ஒவ்வொரு ஃப்ரேமையும் நிறுத்திப் பார்த்தால் மங்கலாக இருக்கும் அந்தக் கோடுதான் ஓடும்போது ஒரு ஃப்ரேமை அடுத்த ஃப்ரேமோடு ஒட்டவைக்கிறது. புகைப்படம் எடுத்துப் பழகியவர்கள் வீடியோவுக்கு வரும்போது தடுமாறும் இடம் இது. கூர்மையாக நிற்க வேண்டும் என்று ஷட்டர் வேகத்தை ஏற்றிவிடுவார்கள். ஒவ்வொரு ஃப்ரேமும் கூர்மையாகக் கிடைக்கும், திருப்பம் கெட்டுப்போகும்.

விளிம்பு இரண்டாகத் தெரிவதற்குக் காரணம் திரையில் இருக்கிறது. தியேட்டர் புரொஜெக்டர் பிலிமின் ஒவ்வொரு ஃப்ரேமையும் ஒரே ஒரு முறை காட்டினால் படம் கண்ணைக் கூசவைக்கும் அளவுக்குச் சிமிட்டும். அதனால் ஒரே ஃப்ரேமை இரண்டு முறை ஒளிரவிட்டு, நொடிக்கு 48 ஒளிர்வாக்கினார்கள். கண்ணோ தூணைப் பின்தொடர்ந்து நகர்ந்துகொண்டே இருக்கிறது. முதல் ஒளிர்வில் தூண் எங்கே இருந்ததோ, இரண்டாவது ஒளிர்விலும் அங்கேயேதான் இருக்கிறது. அதற்குள் கண் முன்னே போய்விட்டது. விழித்திரையில் ஒரே தூண் இரண்டு இடத்தில் விழுகிறது. 60 ஹெர்ட்ஸ் டிவியிலும் போனிலும் இன்னொரு தொல்லை சேரும். 60ஐ 24ஆல் மீதியில்லாமல் வகுக்க முடியாது. அதனால் ஒரு ஃப்ரேமை மூன்று முறையும் அடுத்ததை இரண்டு முறையுமாக மாற்றி மாற்றிக் காட்டுவார்கள். ஒன்று 50 மில்லி நொடி நிற்கும், அடுத்தது 33 மில்லி நொடி. சீராகத் திருப்பிய கேமராவும் நொண்டுவது போலத் தெரியும். 120 ஹெர்ட்ஸ் திரையில் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் சரியாக ஐந்து பங்கு கிடைப்பதால் இந்த நொண்டல் போய்விடும். ஓஎல்இடி டிவியில் பிக்சல்கள் கண நேரத்தில் மாறிவிடுவதால், பழைய எல்சிடியில் மங்கலுக்குள் மறைந்திருந்த தாவல் இன்னும் பளிச்சென்று தெரியும். நல்ல டிவி வாங்கிய பிறகு பழைய வீடியோ மோசமாகிவிட்டதாகத் தோன்றுவது பிரமை அல்ல.

ஒளிப்பதிவாளர்களிடம் புழங்கும் 7 நொடிக் கணக்கு இங்கிருந்துதான் வருகிறது. ஒரு பொருள் திரையின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போக ஏறத்தாழ 7 நொடி ஆக வேண்டும் என்பது அது. பலர் இதைத் தப்பாகப் புரிந்துகொண்டு, மொத்தத் திருப்பத்தையும் 7 நொடியில் முடிக்கிறார்கள். லென்ஸ் மாறினால் கணக்கு மாறும். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 50 எம்எம் லென்ஸ் அகலவாக்கில் சுமார் 40 டிகிரியைப் பார்க்கிறது. அதை 7 நொடியில் கடந்தால் நொடிக்கு 6 டிகிரிக்கும் குறைவான வேகம். அந்த வேகத்தில் கால் வட்டம், அதாவது 90 டிகிரி திருப்ப 16 நொடி ஆகும். 24 எம்எம் லென்ஸ் 74 டிகிரியைப் பார்ப்பதால் எட்டரை நொடியில் முடியும். 85 எம்எம் போட்டால் 26 நொடி. கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு 26 நொடி கேமராவைத் திருப்பிப் பார்த்தவருக்குத்தான் அது எத்தனை நீளம் என்று தெரியும். மூன்று நிமிடக் கல்யாண ஹைலைட்ஸில் அத்தனை நொடியை யாரும் ஒரு ஷாட்டுக்குத் தர மாட்டார்கள். அப்படியானால் அங்கே 85இல் கால் வட்டத் திருப்பத்துக்கு இடமே இல்லை. 15 டிகிரி திருப்பினால் போதும், நாலு நொடியில் முடிந்துவிடும். அல்லது இரண்டு நிலையான ஷாட்டாகப் பிரித்து வெட்டிக்கொள்ளலாம். இந்த முடிவை எடுக்க வேண்டியது ஸ்பாட்டில், எடிட் டேபிளில் அல்ல.

நம் ஊர் வெயில் இந்தக் கணக்கையெல்லாம் கலைத்துவிடும். உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100 வைத்து, 1/50 நொடி ஷட்டரில் சரியான வெளிச்சம் வேண்டுமென்றால் துவாரத்தை எஃப் 22 வரை மூட வேண்டும். பின்னணி மங்கலாக வேண்டும் என்று எஃப் 2.8இல் எடுக்க நினைப்பவருக்கு ஆறு ஸ்டாப், அதாவது 64 மடங்கு, வெளிச்சம் அதிகம். 64இல் ஒரு பங்கு வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடும் என்டி ஃபில்டர், தொழிலில் என்டி 64 என்பார்கள், அதைப் போட்டால்தான் கட்டுப்படும். நிறத்தைப் பிறகு எடிட்டிங்கில் சரிசெய்துகொள்ளும் லாக் முறையில் எடுக்கும் கேமராக்கள் பல ஐஎஸ்ஓ 800இலிருந்துதான் தொடங்கும். அங்கே இன்னும் மூன்று ஸ்டாப் கூடுதல். ஃபில்டர் இல்லாதவர் என்ன செய்வார்? ஷட்டரை 1/2000க்கும் மேலே ஏற்றுவார். அப்போது முன்பு சொன்ன 80 பிக்சல் நகர்வில் ஒரு பிக்சல்கூட இழுவலாகப் பதியாது. 79 பிக்சல் வெறும் தாவல்.

போனில் எடுப்பவர்களுக்கு இது இன்னும் கொடுமை. போன் லென்ஸின் துவாரத்தைப் பெரும்பாலும் மூடவோ திறக்கவோ முடியாது. வெயிலில் போன் தானாகவே ஷட்டர் வேகத்தை ஏற்றிவிடும். எடுப்பவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. மெனுவில் 24 என்றே காட்டிக்கொண்டிருக்கும். வெளிப்புற ஷூட்டில் ஜெர்க் அதிகம் வருகிறது, மண்டபத்துக்குள் எடுத்ததில் அவ்வளவு இல்லை என்று குழம்புகிறவர்களுக்கு விடை இதுதான். பத்து லென்ஸ் வாங்குவதற்கு முன்னால் ஒரு நல்ல என்டி ஃபில்டர் வாங்க வேண்டும். வேரியபிள் என்டியில் விலை மலிந்ததை வாங்கினால், முழுக்கத் திருகும்போது படத்தின் குறுக்கே பெருக்கல் குறி போலக் கறுப்புப் பட்டை விழும், நிறமும் மாறும். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காமல் இருப்பது நல்லது.

1/48, 1/50 என்று இரண்டு எண்ணும் புழங்குவதற்கும் நம் ஊருக்கும் தொடர்பு உண்டு. இந்திய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி விளக்குகளும் பழைய டியூப் லைட்டும் நொடிக்கு 100 முறை மினுங்கும். ஷட்டர் சரியாக 1/50 நொடி திறந்தால் ஒவ்வொரு ஃப்ரேமுக்குள்ளும் இரண்டு முழு மினுக்கம் அடங்கிவிடும். வெளிச்சம் ஏறி இறங்காது. ஷட்டரைக் கோணத்தில் சொல்லும் கேமராக்களில் 24 ஃப்ரேமுக்கு 172.8 டிகிரி வைப்பது இதற்காகத்தான். மண்டப விளக்கில் எடுப்பவர்கள், ஃப்ரேமின் பாதி நேரத்தைக் குறிக்கும் வழக்கமான 180 டிகிரிக்குப் பதில் இதை வைத்தால் திருப்பத்தின் மென்மையில் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் எதுவும் வராது. மினுக்கம் மட்டும் போய்விடும்.

இத்தனை கட்டுப்பாடு இருந்தும் சினிமாவில் கேமரா படு வேகமாகத் திரும்புவதைப் பார்க்கிறோமே, அது எப்படி? கண் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதில் இருக்கிறது விடை. இப்போதே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். தலையை மெதுவாகத் திருப்பி, அறையின் ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை வழுக்கினாற்போலப் பார்க்க முயன்றால் முடியாது. கண் ஜன்னல், காலண்டர், கதவு என்று புள்ளி புள்ளியாகத் தாவும். தாவும் கணத்தில் தெரியும் மங்கலை மூளை நமக்குக் காட்டுவதில்லை. அதே கண் முன்னே ஒரு விரலை நீட்டி இடமிருந்து வலமாக நகர்த்தி, விரலையே பார்த்தால் பார்வை வழுக்கிக்கொண்டு போகும். பின்தொடர ஒரு பொருள் இருந்தால்தான் கண் சீராக நகரும்.

ஜல்லிக்கட்டில் வாடிவாசலைத் தாண்டிப் பாயும் காளையை எடுப்பவர், காளையைத் திரையின் ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு கேமராவைத் திருப்புகிறார். காளை திரையில் ஏறத்தாழ அசையாமல் நிற்கிறது. பார்ப்பவரின் கண் அதிலேயே இருக்கிறது. பின்னால் இருக்கும் கூட்டமும் மூங்கில் தடுப்பும் கோடுகோடாக இழுபட்டு ஓடுகின்றன; அவை தாவுகின்றனவா வழுக்குகின்றனவா என்று யாரும் கவனிப்பதில்லை. இங்கே 7 நொடிக் கணக்கு தேவைப்படாது. ஆளில்லாத மண்டபத்தைத் திருப்பிக் காட்டும்போதுதான் கண்ணுக்குப் பிடிமானம் இல்லை. அது ஒவ்வொரு தூணாகப் பிடித்துப் பிடித்து விடுகிறது. தாவல் அத்தனையும் தெரிகிறது. மண்டபத்தைக் காட்ட வேண்டுமென்றால் அங்கே தாம்பாளத்தோடு நடந்துபோகும் ஓர் அத்தையின் பின்னால் கேமரா போகட்டும். மண்டபமும் தெரியும், திருப்பத்துக்கு ஒரு காரணமும் கிடைக்கும். எந்தக் காரணமும் இல்லாமல் வெறுமனே சுற்றிக் காட்டும் திருப்பம், எந்த ஃப்ரேம் ரேட்டில் எடுத்தாலும் வெறுமையான ஷாட்டுதான்.

மறு கோடியில் விப் பேன் இருக்கிறது. ஒரு கணத்தில் கேமராவைச் சுழற்றி, எல்லாம் கோடாகிப்போகிற திருப்பம். அங்கே அடையாளம் தெரிகிற பொருளே இல்லாததால் தாவுவதற்கும் எதுவும் இல்லை. ஆக மிக மெதுவாகத் திருப்பலாம், மிக வேகமாகவும் திருப்பலாம். இரண்டுக்கும் இடைப்பட்ட, இரண்டு நொடி மூன்று நொடி வேகம்தான் ஆபத்தானது. துரதிர்ஷ்டவசமாக, கேமராவைக் கையில் எடுத்த எவருக்கும் இயல்பாக வருகிற வேகம் அதுதான்.

கையின் பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேமராவைச் சீராகத் திருப்பும் ஆசை சினிமா அளவுக்கே பழையது. 1897இல் விக்டோரியா ராணியின் வைர விழா ஊர்வலத்தைப் படமெடுக்க, லண்டனைச் சேர்ந்த ஆர். டபிள்யூ. பால் திரும்பக்கூடிய ஸ்டாண்டுத் தலை ஒன்றைச் செய்தார். அரை நூற்றாண்டு கழித்து அமெரிக்காவில் சாட்வெல் ஓ'கானர் என்ற பொறியாளருக்கு வேறொரு தேவை. அவர் நீராவி ரயில் பைத்தியம். ஓடும் ரயிலை நடுக்கமில்லாமல் பின்தொடர்ந்து எடுக்க, திரவத்தின் தடையில் இயங்கும் கேமராத் தலையை உருவாக்கினார். ஃப்ளூயிட் ஹெட் என்று இன்று எல்லாரும் சொல்வது அதன் வம்சம். வெல்லப்பாகைக் கிண்டும்போது வேகம் கூடக் கூடக் கரண்டியை அது கூடுதலாக எதிர்ப்பது போல, இந்தத் தலைக்குள் இருக்கும் கெட்டித் திரவம் கையின் திடீர் உந்தலை எதிர்த்து, சீரான அழுத்தத்துக்கு மட்டும் வழிவிடுகிறது. ஓ'கானருக்கு இதற்காக ஆஸ்கர் அகாடமியின் தொழில்நுட்ப விருது இரண்டு முறை கிடைத்தது. ரயிலின் மேல் இருந்த காதல் உலகச் சினிமாவுக்கே ஒரு கருவியைக் கொடுத்தது என்பது நினைத்து மகிழத்தக்க விஷயம்.

நல்ல ஃப்ளூயிட் ஹெட் இருந்தாலும் உடம்பு ஒத்துழைக்க வேண்டும். அனுபவசாலிகள் திருப்பம் முடியும் திசைக்கு நேராகப் பாதங்களை வைத்து நிற்பார்கள். அப்புறம் இடுப்பை முறுக்கித் தொடக்க இடத்துக்கு வருவார்கள். ஷாட் ஓடும்போது உடம்பு முறுக்கிலிருந்து தளர்ந்து இயல்பு நிலைக்குத் திரும்பும். முடிவு நிதானமாக அமையும். புதியவர்கள் இதற்கு நேர்மாறாகத் தொடங்கும் திசையில் வசதியாக நின்றுகொண்டு, முடிவில் எக்கி முறுக்கிக்கொள்வார்கள். கடைசி ஒரு நொடியில் நடுக்கம் வருவது அதனால்தான். கைப்பிடியில் ஒரு ரப்பர் பேண்டை மாட்டி, அதை இழுத்துத் திருப்புவது பழைய உபாயம். கையின் சிறு துடிப்பை ரப்பர் விழுங்கிவிடும். தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் ஐந்து நொடி கேமராவை அசையாமல் ஓடவிட்டால் எடிட்டர் வாழ்த்துவார். ஸ்டாண்டில் மாட்டியதும் கேமராவின் ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் திருப்பத்தின் தொடக்கத்தை அது கைநடுக்கம் என்று எண்ணிப் பிடித்து நிறுத்தும். பிறகு தாங்க முடியாமல் சட்டென்று விடும்.

வேகமாகத் திருப்பினால் தூண்கள் சாய்ந்து நிற்பதையும் சிலர் பார்த்திருப்பார்கள். சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. தூணின் தலையைப் படித்த நேரத்துக்கும் அடியைப் படித்த நேரத்துக்கும் இடையில் கேமரா நகர்ந்துவிடுகிறது. மெதுவாகத் திருப்பினால் அந்தச் சாய்வு கண்ணில் படாது.

எல்லாம் சரியாகச் செய்து எடுத்த திருப்பத்தை எடிட்டிங்கில் கெடுப்பதும் நடக்கிறது. கல்யாண வேலையில் இது சர்வசாதாரணம். பெரிய கேமரா 24இல், உதவியாளரின் போன் 30இல், ட்ரோன் 60இல் எடுத்திருக்கும். மூன்றையும் 24 டைம்லைனில் கொண்டுவந்து போடுவார்கள். 30ஐ 24 ஆக்க, மென்பொருள் ஒவ்வொரு ஐந்தாவது ஃப்ரேமையும் தூக்கி எறியும். ஆட்கள் பேசுகிற காட்சியில் இது தெரியாது. சீரான திருப்பத்தில் நொடிக்கு ஆறு முறை ஒரு வெட்டு விழும். 60இலிருந்து எடுத்தால் ஒரு அடி நீளம், ஒரு அடி குட்டை என்று நடை மாறும். மாறாக 50இல் எடுத்து 25 டைம்லைனில் போட்டால் ஒன்றுவிட்டு ஒன்று கச்சிதமாக உட்காரும். பாதி வேக ஸ்லோ மோஷனுக்கும் அதே கிளிப் உதவும். நம் தொலைக்காட்சி ஒளிபரப்பு 25 ஃப்ரேம் முறை, மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 24க்கும் 25க்கும் உள்ள வித்தியாசத்தை எந்தக் கண்ணும் கண்டுபிடிக்காது. தியேட்டருக்குப் போகாத வேலைக்கு, குறிப்பாகக் கல்யாணத்துக்கும் ஊர்த் திருவிழாவுக்கும், 24ஐப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டிய அவசியம் கொஞ்சமும் இல்லை. ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. 50 ஃப்ரேமை 1/100 ஷட்டரில் எடுத்துப் பிறகு 25 ஆக்கினால் இழுவல் பாதியாகிவிடும். 25 ஆக்கப்போகிறோம் என்று முன்பே தெரிந்தால் 50 ஃப்ரேமிலும் ஷட்டரை 1/50 வைத்துவிட வேண்டும்.

ஃப்ரேம் ரேட்டையே உயர்த்திவிட்டால் இந்தத் தொல்லையெல்லாம் ஏன் என்று பீட்டர் ஜாக்சன் கேட்டார். 2012இல் 'தி ஹாபிட்' படத்தின் முதல் பாகத்தை 48 ஃப்ரேமில், ஷட்டரை வழக்கத்தைவிட அகலமாக 270 டிகிரிக்குத் திறந்து எடுத்தார். திருப்பங்கள் உண்மையிலேயே வழுக்கிக்கொண்டு போயின. ஆனால் செட் செட்டாகத் தெரிகிறது, ஒப்பனை ஒப்பனையாகத் தெரிகிறது, டிவி நிகழ்ச்சி பார்ப்பது போல் இருக்கிறது என்று விமர்சகர்கள் பலர் முகம் சுளித்தார்கள். ஆங் லீ 2016இலும் 2019இலும் 120 ஃப்ரேம் வரை போய்ப் பார்த்தார், அதுவும் பரவவில்லை. ஜேம்ஸ் கேமரூன் 2022இல் 'அவதார்' இரண்டாம் பாகத்தில் நடுவழியைத் தேர்ந்தெடுத்தார்: தண்ணீருக்கடியிலும் சண்டையிலும் 48, உட்கார்ந்து பேசும் இடங்களில் 24. எண்ணை ஒரு தகுதிச் சின்னமாகப் பார்க்காமல், காட்சிக்கு எது வேண்டும் என்று பார்த்த முடிவு இது. பெரும்பொருள் செலவழித்து அவர் எடுத்த அந்த முடிவை, ஒற்றைக் கேமராவோடு கிராமத்துக் கல்யாணத்துக்குப் போகிறவரும் செலவில்லாமல் எடுக்கலாம். மாப்பிள்ளை அழைப்பின் ஆட்டமும் நாதஸ்வர ஊர்வலமும் 50இல் உயிரோடு இருக்கும். கபடி, சிலம்பம், மாட்டுவண்டிப் பந்தயம் எடுப்பவர்கள் 24ஐ மறந்துவிடுவதே மேல். பெண்ணின் தனிமை, தாத்தாவின் முகம், விளக்கு ஏற்றும் கை போன்றவற்றுக்கு 24, 25இன் அடக்கம் பொருந்தும்.

ஸ்லோ மோஷனில் எடுத்தால் திருப்பம் மென்மையாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. அதில் பாதிதான் உண்மை. கையின் நடுக்கம் நீண்டு மறையும். ஆனால் முடிவில் ஓடுவது நொடிக்கு 24 ஃப்ரேம்தான். திரையைத் தூண் எத்தனை நொடியில் கடக்கிறது என்ற கணக்கு அப்படியேதான் இருக்கும்.

இதையெல்லாம் பார்த்துப் பார்த்து எடுத்தவரின் உழைப்பைக் கடைசியில் வீட்டு டிவி மாற்றிவிடுவதும் உண்டு. பெரும்பாலான டிவிகளில் மோஷன் ஸ்மூத்திங் என்ற வசதி கடையிலிருந்து வரும்போதே போட்டுவைக்கப்பட்டிருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் வேறு. இரண்டு ஃப்ரேமுக்கு நடுவே டிவியே கற்பனையாகப் புதிய ஃப்ரேம்களைச் செருகும். கிரிக்கெட்டுக்கு ஒருவேளை உதவும். சினிமாவில் தூண் விளிம்புகளைச் சுற்றி நெளிநெளியாகப் பிசிறு கிளம்பும். திருப்பம் ஒரு கணம் எண்ணெய் போல வழுக்கி, அடுத்த கணம் பழைய தாவலுக்கு விழும். 2018 டிசம்பரில் நடிகர் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் ஒரு வீடியோவில் தோன்றி, இதை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள் என்று மக்களிடம் வேண்டிக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு, ஸ்கார்செஸி, நோலன் போன்ற இயக்குநர்களின் ஆதரவோடு, ஒரே பொத்தானில் இந்தச் செயற்கை வேலைகளை நிறுத்தும் ஃபிலிம்மேக்கர் மோட் அறிவிக்கப்பட்டது. இன்று பல டிவிகளில் அது இருக்கிறது. கல்யாண வீடியோவைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது, பிக்சர் செட்டிங்கில் அந்த மோடைப் போட்டு, முதல் இரண்டு நிமிடத்தை வீட்டாரோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு வருவதை வீடியோகிராபர்கள் தங்கள் வேலையின் ஒரு பகுதியாகவே ஆக்கிக்கொள்ளலாம்.